பிள்ளை வளர்ப்பிற் பொறுமையும் பாராமுகமும்

ஒரு வீட்டிற் பிள்ளை பிறந்ததும் உற்றாரும் அயலாரும் கேட்கத் தொடங்கும் கேள்விகள் பல. உடம்பு பிரட்டிவிட்டதா? பல் முளைத்துவிட்டதா? இன்னும் நடக்கவில்லையா? இவை அன்பினால் எழுகின்ற கேள்விகளே. எனினும், அடுத்த வீட்டுப் பிள்ளை பத்தாம் மாதத்திலேயே நடந்ததாம் என்ற பேச்சு வந்தவுடன் தாயானவள் தன் பிள்ளையிற் குறை தேடத் தொடங்குகிறாள். வேறு சில வீடுகளிலோ, உண்மையாகவே குறை இருப்பினும், "காலம் வரும்போது எல்லாம் சரிவரும்" என்று வாளாவிருந்து விடுகின்றனர். அவசரப்படுவதும் தவறு, அசட்டையாயிருப்பதும் தவறு எனின் பெற்றோரின் கடமைதான் யாது? பொறுமை எவ்விடத்தில் முடிகிறது? பாராமுகம் எவ்விடத்தில் தொடங்குகிறது?

பிள்ளையின் வளர்ச்சியைப் படிப்படியாக நோக்கும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. தெய்வத்தையோ தலைவரையோ குழந்தையாகப் பாவித்துப் பத்துப் பருவங்களாகப் பாடுவது பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தமாகும். தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரைப் பருவம் ஐந்தாம் மாதத்துக்கும், கைகொட்டும் சப்பாணிப் பருவம் ஒன்பதாம் மாதத்துக்கும், தளர்நடையிட்டு வரும் வருகைப் பருவம் ஓராண்டு நிறைவை ஒட்டிய காலத்துக்கும் உரியனவாகக் கொள்ளப்படும். ஆண்பாற் பிள்ளைத்தமிழிற் சிறுதேர் உருட்டுவது பத்தாவதாகவே வைக்கப்பட்டது. தெய்வக் குழந்தையேயாயினும் சப்பாணி கொட்டும் வயதில் தேர் உருட்டும்படி புலவர்கள் கேட்கவில்லை. அந்தந்தப் பருவத்தில் அந்தந்த அழகையே கண்டு மகிழ்ந்தனர்.

இக்கால ஆராய்ச்சியும் இதற்கு மாறாக எதையும் கூறவில்லை. இந்தியா, கானா, ஓமான், நோர்வே, அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளிலே, நல்ல போஷாக்குடன் வளர்ந்த பிள்ளைகள் எப்போது இருக்கின்றனர், எப்போது நடக்கின்றனர் என்பதை ஆராய்ந்து, உலக சுகாதார நிறுவனம் 2006 ஆம் ஆண்டில் தன் முடிவுகளை வெளியிட்டது. துணையின்றி நடக்கத் தொடங்கும் காலம் ஏறத்தாழ 8 மாதம் முதல் 17½ மாதம் வரை விரிந்திருந்தது. சில பிள்ளைகள் முழங்காலில் தவழாமலேயே நடக்கத் தொடங்கினர். ஆகவே 9 மாதத்தில் நடக்கும் பிள்ளை கெட்டித்தனமானதுமன்று, 16 மாதத்தில் நடக்கும் பிள்ளை மந்தமானதுமன்று. இரண்டும் நலமான பிள்ளைகளே.

சைவ வரலாற்றிலும் இதற்குச் சான்றுண்டு. சீர்காழியிலே திருஞானசம்பந்தர் மூன்று வயதிலேயே பதிகம் பாடினார். ஸ்ரீவைகுண்டத்தில் அவதரித்த குமரகுருபரரோ ஐந்து வயது வரை வாய் பேசவில்லை என்று அவர் வரலாறு கூறுகிறது. திருச்செந்தூரில் முருகனருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடிய அவரே, பிற்காலத்தில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழையும் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழையும் பாடினார். பேசப் பிந்திய பிள்ளையே பிள்ளைப் பருவத்தைத் தமிழிற் பாடி வைத்தது. இவ்விருவருள் எவரை எவரோடு ஒப்பிட்டுக் குறை சொல்வது?

ஆனால் இவ்வரலாற்றின் மற்றொரு பக்கத்தையும் மறத்தலாகாது. குமரகுருபரரின் பெற்றோர் பிள்ளை பேசாதிருப்பதைக் கண்டும் காணாதவர்போல் வீட்டில் இருக்கவில்லை. பிள்ளையை அழைத்துக்கொண்டு திருச்செந்தூருக்குச் சென்றனர். தமக்குத் தெரிந்த வழியில் முயன்றனர். இன்றைய பெற்றோருக்கு அவ்வழியோடு வேறு வழிகளும் உள்ளன. ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைக்கத் திரும்பிப் பாராத பிள்ளை, ஒன்றரை வயதாகியும் நடவாத பிள்ளை, அவ்வயதில் பொருளுள்ள ஒரு சொல்லேனும் பேசாத பிள்ளை, பேசிய சொற்களை இழந்துவிட்ட பிள்ளை ஆகியோரைத் தாமதியாது வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். காது கேளாத பிள்ளை பேச்சை எங்ஙனம் பழகும்? இரண்டு வயதுக்குள் மூளை வளர்ந்தோரின் மூளையளவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடுகிறது. எனவே முந்திச் செய்யும் உதவிக்குப் பலன் அதிகம்.

கிராமங்களில் குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருகிறார். கிளினிக் கொப்பியில் பிள்ளையின் நிறையும் உயரமும் குறிக்கப்படுகின்றன. அக்கொப்பியை அலுமாரிக்குள் பூட்டி வைத்துவிட்டு, நாவூறு என்றும் தாயின் குற்றம் என்றும் பேசுவதனாற் பிள்ளைக்கு நன்மையில்லை. நேர்த்திக்கடனும் வைத்தியமும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

பிள்ளை வளர வளர ஒப்பீடும் வளர்கிறது. வறிய பிள்ளைகளும் நல்ல பாடசாலைகளிற் கற்பதற்கு வழி செய்யும் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை, இன்று பல வீடுகளிற் பெற்றோரின் மானப் பிரச்சினையாகிவிட்டது. பெறுபேறு வந்த அன்று ஒரு வீட்டில் வெடி கொளுத்தப்படுகிறது, அயல் வீட்டிற் பத்து வயதுப் பிள்ளை ஒன்று உண்ணாமல் அழுதுகொண்டிருக்கிறது. அப்பிள்ளை செய்த குற்றம் என்ன? வெட்டுப்புள்ளிக்குக் கீழே புள்ளி எடுத்ததா, அல்லது மற்றவர் பிள்ளையாக இல்லாமற் போனதா?

சற்று ஆழ்ந்து நோக்கின், அவசரமும் பாராமுகமும் ஒரே வேரிலிருந்து முளைப்பவை என்பது புலனாகும். அவசரப்படுபவர் அயல் வீட்டுப் பிள்ளையைப் பார்க்கிறார். அசட்டையாயிருப்பவர் எந்தப் பிள்ளையையும் பார்ப்பதில்லை. இருவருமே தம் பிள்ளையைப் பார்க்கவில்லை. நாள்தோறும் வரம்பில் நின்று பயிரின் நிறத்தையும் நீரின் அளவையும் பார்க்கின்ற கமக்காரனே பொறுத்திருப்பவன். வயற்பக்கமே போகாதவனைப் பொறுமைசாலி என்று எவரும் சொல்வதில்லை. பார்த்துக்கொண்டே காத்திருப்பது பொறுமை. பாராமற் காத்திருப்பது பாராமுகம். பெற்றோர் நாள்தோறும் சிறிது நேரமாவது பிள்ளையோடு இருந்து, அது சொல்வதைக் கேட்டு, அது செய்வதைக் கவனித்தால், எப்போது காத்திருப்பது, எப்போது உதவி தேடுவது என்பது தானே விளங்கும்.

ஆலய வீதியில் ஓடி விளையாடும் சிறார்கள் அனைவரும் தத்தம் பருவத்தில் தத்தம் வழியில் வளர்ந்து நல்வாழ்வு பெறவும், அவர்களைக் கண்ணாற் கண்டு வளர்க்கும் பக்குவம் பெற்றோருக்கு வாய்க்கவும் இறையருள் துணை நிற்பதாக.