கோளாறும் குற்றமும்

காரணத்தைத் தேடுமுன் குற்றவாளியைக் கண்டுவிடுவது நமக்குப் பழகிப்போன ஒன்று. இது அறிவின் குறை மட்டுந்தானா, அறத்தின் குறையும் ஆகுமா?

சிங்கராஜ வனத்தின் அயலில், மழை ஓயாத கலவானையின் மலைப்பாதையொன்றை நினைத்துப் பார்ப்போம். தோட்டத் தொழிலாளி ஒருவர் கடன்பட்டு வாங்கிய மோட்டார் சைக்கிள் ஏற்றத்தில் இரைகிறது, வேகமோ கூடவில்லை. “கியர் பெட்டி போய்விட்டது” என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புக் கூறிவிடலாம். பொறுப்புள்ள மெக்கானிக் அவ்வாறு கூறுவதில்லை. முதலில் கிளச் கைப்பிடியை அசைத்துப் பார்ப்பார். அதிற் சிறிது தளர்வு இருக்க வேண்டும். கேபிள் மிக இறுகியிருந்தால் தகடுகள் ஒன்றையொன்று முழுமையாகப் பற்றா. எஞ்சினின் விசை சக்கரத்தை எட்டாது. தளர்வு மிகுந்தாலோ, கைப்பிடியை அழுத்தியும் தகடுகள் பிரியா, கியர் முரண்டுபிடிக்கும். அடுத்தது ஒயில். ஒயிலில் நனைந்தே இயங்கும் கிளச்சுக்கு, உராய்வைக் குறைக்கும் பொருள் கலந்த கார் ஒயிலை ஊற்றினால் அது வழுக்கக்கூடும். அதன் பின்னரே தேய்ந்த தகடுகளைப் பற்றிய ஐயம் எழவேண்டும். போட்ட கியர் தானாகக் கழன்றுகொண்டாலன்றிப் பெட்டியைப் பிளப்பதற்கு நியாயமில்லை.

வெளியிலிருந்து உள்ளே, செலவு குறைந்ததிலிருந்து கூடியதற்கு என்னும் இவ்வரிசை வெறும் தொழில்நுட்பமன்று. பிழையான தீர்ப்பின் விலையைத் தீர்ப்புக் கூறியவர் கொடுப்பதில்லை. வண்டிக்காரரே தம் பல நாட் கூலியால் கொடுக்கிறார். ஆகவே ஆராயாமற் கூறுவது அநீதி.

நமது வகுப்பறையில் நாம் யார்? தோட்டத்துப் பிள்ளை கணிதத்தில் தவறினால், “மண்டையில் ஏறாது” என்கிறோம். எடுத்த எடுப்பிலேயே பெட்டியைப் பிளந்துவிடுகிறோம். பாடத்துக்கு ஆசிரியர் இருந்தாரா, பிள்ளை காலையில் உண்டதா, லயத்தின் ஒற்றை அறையில் விளக்கடியில் அதற்கு இடம் கிடைத்ததா என்று கேட்பதில்லை. இலங்கையில் இலவசக் கல்வி 1945 இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளோ நெடுங்காலம் தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே கிடந்தன. 1970களிலேயே அரசு அவற்றைப் பெருமளவிற் பொறுப்பேற்கத் தொடங்கியது. கேபிள் எங்கே இறுகியதென்பதை வரலாறு மறைக்கவில்லை.

உள்ளே பழுதே இராதென்று நாம் வாதாடவில்லை. சில பெட்டிகளிற் பற்கள் மெய்யாகவே தேய்ந்திருக்கும். சில பிள்ளைகளுக்குத் தனிக் கவனிப்புத் தேவைப்படும். ஆனால் அதைச் சொல்லும் உரிமை, புறத்தே உள்ளவற்றை முற்றாகச் சோதித்தவருக்கே உண்டு. புள்ளிப் பதிவேட்டில் சிவப்புக் கோடு இழுக்குமுன் நமது கை அந்தக் கேபிளை ஒருமுறையேனும் தொட்டுப் பார்க்கட்டும்.