பாராயணமா, படிப்பா?

கோவை நகரை ஆலைச் சங்கு எழுப்பிவிட்ட காலம் ஒன்று இருந்தது. பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் இரவு பகல் பாராது பஞ்சு நூலாகிக்கொண்டிருந்தது. வேலை முடித்து, தலைமயிரிலே பஞ்சுத் தூசியுடன் வெளிவந்த தொழிலாளி, வீடு செல்லும் வழியிலே தேநீர்க் கடை பெஞ்சிலே அமர்வான். படிப்பகத்துத் திண்ணையிலே அமர்வான். எழுத்தறிந்தவன் ஒருவன் ஏட்டைப் பிரித்துப் படிப்பான். எழுத்தறியாதார் பத்துப் பேர் செவிசாய்ப்பர். படித்தவன் மூச்சு வாங்க நிறுத்தினால், கேட்டவன் குறுக்கிடுவான், "அதெப்படி?" என்று. அந்த ஒரு சொல்லுக்குத்தான் பஞ்சாங்கம் அஞ்சிற்று, பழமை அஞ்சிற்று.

இன்றும் நாம் கூடுகிறோம். மாதம் ஒரு நூலை எடுக்கிறோம். படித்தவர் பேசுகிறார், மற்றவர்கள் தலையசைக்கிறோம், பிடித்த கருத்து வரும்போது கைதட்டுகிறோம், தேநீர் அருந்திக் கலைகிறோம். மகிழ்ச்சிதான்! ஆனால், நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. பிடித்ததை மட்டும் படித்து, ஒத்த கருத்தினர் மட்டும் கூடி, ஒருவர் சொல்ல மற்றவர் ஆமோதிப்பது படிப்பா, பாராயணமா? காலட்சேபத்தில் பாகவதர் கதை சொல்ல, பக்தர்கள் உருகுகிறார்களே, அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? நூல் மாறியிருக்கிறது, கேட்கும் முறை மாறவில்லை என்றால், நாம் அடைந்த மாற்றந்தான் என்ன?

கேள்வி கசக்கிறது. மருந்தும் கசக்கத்தான் செய்யும்.

ஈரோட்டை எண்ணிப் பார்ப்போம். 1925 மே 2-இல் பெரியார் அங்கிருந்து 'குடிஅரசு' ஏட்டைத் தொடங்கினார். மார்க்சும் ஏங்கெல்சும் எழுதிய பொதுவுடைமை அறிக்கை 1931-இல் அதன் பக்கங்களிலே தமிழ் பேசலாயிற்று. 1936-இல் லாகூரில் ஜாதி ஒழிப்புச் சங்கமொன்று அம்பேத்கரைத் தலைமையுரை ஆற்ற அழைத்தது. உரையை முன்கூட்டிக் கண்டதும் அஞ்சியது, மாற்றச் சொன்னது, அவர் மறுக்கவே, மாநாட்டையே கைவிட்டது. பேசவிடாத உரையை அவர் நூலாக்கி உலகுக்குத் தந்தார். அந்நூல் தமிழாகி, ஈரோட்டு ஏட்டின் வழியே நம் மக்களிடம் வந்தது.

அதன்பின் நடந்ததுதான் நாம் நினைவிற்கொள்ள வேண்டியது. காந்தியார் தம் 'அரிஜன்' ஏட்டிலே அந்நூலை மறுத்து எழுதினார். அம்பேத்கர் என்ன செய்தார்? 1937-இல் வந்த இரண்டாம் பதிப்பிலே, தம்மை மறுத்த காந்தியாரின் கட்டுரைகளையும் அச்சிட்டு, தம் விடையையும் உடன் சேர்த்தார். எதிர்வாதத்துக்குத் தம் வீட்டிலேயே நாற்காலி போட்டார்! தன் வாதத்தில் நம்பிக்கை உள்ளவருக்கே அத்துணிவு வரும்.

நம் இயக்கத்தின் வரலாற்றிலும் அப்படியொரு பக்கமுண்டு. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்ற கிளர்ச்சி எழுந்தபோது, 1943-இல் அண்ணா சென்னையிலே ரா. பி. சேதுப்பிள்ளையுடனும், சேலத்திலே நாவலர் சோமசுந்தர பாரதியாருடனும் மேடையேறி வாதிட்டார். கொளுத்துவது சரியா என்பதில் நமக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கலாம். நூலுக்கு விடை இன்னொரு நூல்தான், தீயன்று என்பதே நம் எண்ணம். எனினும் அந்தச் சேலத்து மேடையின் சிறப்பை மறுத்தலாகாது. தாக்கியவரும் படித்தவர், காத்தவரும் படித்தவர். கேட்டவர்களோ இருபக்க நியாயமும் கேட்டுத் தம் அறிவால் எடைபோட்டனர்.

சேலத்திலிருந்து திருச்செங்கோடு நெடுந்தொலைவன்று. எழுபது ஆண்டு கழித்து அங்கே என்ன கண்டோம்? பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வெளிவந்தது. பிள்ளையில்லாத உழவர் இணையர் ஊர்வாயில் சிக்கிப் படும் துயரைச் சொல்லும் நாவல். 2014 டிசம்பரில் ஜாதி, மத அமைப்புகள் சீறி எழுந்தன. பொறுக்கியெடுத்த சில பக்கங்களை நகலெடுத்து ஊருக்குள் வழங்கினர்; நூலைக் கொளுத்தினர். 2015 ஜனவரியில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த 'அமைதிப் பேச்சு'க்குப் பின், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவிக்க நேர்ந்தது. அந்தப் பேச்சின் முடிவு அவரைக் கட்டுப்படுத்தாது என 2016 ஜூலை 5-இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிடிக்காதவர் நூலை மூடி வைக்கலாம் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

கொளுத்தியவரைக் கண்டித்தோம், கண்டிக்கவே வேண்டும். ஆனால், நான்கு பக்கம் பார்த்துச் சினந்த அவர்களுக்கும், அட்டையை மட்டும் பார்த்து 'இது பிற்போக்கு' என்று ஒதுக்கும் நமக்கும் இடையே எவ்வளவு தொலைவு? அவர்கள் கையிலே தீப்பெட்டி இருந்தது. நம் கையில் இல்லை. அது பெரிய வேறுபாடு, ஐயமில்லை. ஆயினும், படியாமலே தீர்ப்புக் கூறும் பழக்கம் இரண்டிடத்தும் ஒன்றே. தீக்குச்சி விளைவது அந்த வயலிலேதான்.

"மாற்றார் நூலுக்கு நம் பொழுதை ஏன் செலவிட வேண்டும்?" என்று தோழர் ஒருவர் கேட்கக்கூடும். இராமாயணத்தைப் பெரியார் தாக்கியது, அதைப் படியாமல் அன்று. துருவித் துருவிப் படித்ததால். தாம் சொன்னதற்காக எதையும் நம்பாதீர்கள், உங்கள் அறிவுகொண்டு ஆராயுங்கள் என்று மேடைதோறும் சொன்னவரும் அவரே. அவருடைய நூலையே ஆராயாமல் ஓதினால், அவருக்கு நாம் செய்வது மரியாதையா, பூசையா? மனிதனை மனிதன் தாழ்த்தலாமா என்பது நமக்கு விவாதப் பொருளன்று. தாழ்த்துவோன் கூறும் காரணத்தைக் கல்லி எடுத்துக் காட்ட, அவன் ஏட்டை நாம் படித்தாக வேண்டும்.

இன்னொன்றும் கேட்போம். அன்றைய தேநீர்க் கடை பெஞ்சிலே பெண் அமரவில்லை. கிராமத்திலோ தாழ்த்தப்பட்ட தோழனுக்குப் பெஞ்சும் இல்லை, குவளையும் வேறு. நம் வட்டத்திலே இன்று யார் யார் இல்லை? அவர்கள் வந்தால் நாம் கேட்டறியாத கேள்வி வருமே!

ஆகவே, அடுத்த கூட்டத்திலே நூலை மறுப்பவர் முதலில் பேசட்டும். முழுதும் படித்தவரே தீர்ப்புக் கூறட்டும். நம்மோடு ஒவ்வாத நண்பர் ஒருவரையும் அழைத்து வருவோம். கூட்டம் கலையும்போது ஒரு கணக்குப் பார்ப்போம்: "அதெப்படி?" என்ற சொல் இன்று எத்தனை முறை ஒலித்தது? ஒருமுறையேனும் ஒலிக்கவில்லை என்றால், அன்று நடந்தது படிப்பன்று, தோழர்களே, பாராயணம்!