யாருக்காக இந்த மனு?

தனக்குச் சேரவேண்டிய மாலையை ஒருவர் தானே கேட்டு வாங்க முடியாது. கேட்டால் அற்பம் என்பார்கள். கேட்காவிட்டால் பல நேரம் வராமலே போய்விடும். ஆக, வேறு யாராவதுதான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பவர்கள் யார், அதில் அவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வி எனக்கு வெகுநாளாக உண்டு. அதற்கு ஓரளவு விடை கிடைத்தது, நமக்குச் சம்பந்தமே இல்லாத அமெரிக்கக் கால்பந்தில். நாம் காலால் உதைத்து ஆடும் ஆட்டம் இல்லை. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டிமோதி முன்னேறும் ஆட்டம்.

ஒஹாயோ மாநிலத்துக் கேன்டன் நகரில், 1920இல் ஒரு கார் விற்பனைக் கூடத்தில் கூடிப் பேசித்தான் இன்றைய என்.எஃப்.எல். லீகைத் தொடங்கினார்கள். அதே ஊரில் 1963இல் திறந்த ஹால் ஆஃப் ஃபேம்தான் அந்த ஆட்டத்தின் புகழ் மண்டபம். தேர்வானவருக்குத் தங்க நிறக் கோட்டும் வெண்கலத்தில் மார்பளவுச் சிலையும் உண்டு. தேர்ந்தெடுக்கும் குழுவில் பெரும்பாலும் விளையாட்டுப் பத்திரிகையாளர்கள். மூடிய கூட்டத்தில் விவாதிப்பார்கள். நூற்றுக்கு எண்பது பங்கு ஆதரவு வேண்டும்.

இந்த வாசலில் மிக நீண்ட காலம் நின்றவர்களில் ஒருவர் ஜெர்ரி கிரேமர். 1958 முதல் 1968 வரை கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் கார்டு. இந்தக் கார்டு வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கார்டு பந்தோடு ஓடுவதில்லை, பந்தைப் பிடிப்பதுமில்லை. எதிரே நிற்கும் மலை போன்ற ஆளை முட்டித் தள்ளி, பின்னால் பந்தோடு வருபவருக்கு வழி திறந்துவிட வேண்டும். ஓடியவர் எத்தனை கெஜம் ஓடினார் என்பதற்கு ஏடு இருக்கிறது. எறிந்தவருக்கும் பிடித்தவருக்கும் இருக்கிறது. வழி திறந்தவருக்கு அப்படி ஒரு எண்ணிக்கை கிடையாது. அவர் எப்படி ஆடினார் என்பதற்குப் பார்த்தவர்களின் வாய்மொழிதான் ஆதாரம்.

கிரேமரை நாடறியச் செய்தது ஒரே ஒரு தள்ளு. 1967 டிசம்பர் 31, கிரீன் பே மைதானம். ஏறக்குறைய மைனஸ் 25 டிகிரி செல்சியஸ் குளிர். டல்லஸ் கௌபாய்ஸ் மூன்று புள்ளி முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடியப் பதினாறு வினாடி இருக்க, பேக்கர்ஸின் பார்ட் ஸ்டார் பந்தை யாரிடமும் கொடுக்காமல் தானே கோட்டுக்குள் பாய்ந்தார். அவர் பாய்ந்த இடைவெளி, ஜெத்ரோ பியூ என்ற எதிரணிக்காரரைப் பெயர்த்து எடுத்ததால் கிடைத்தது. 21-17. தொலைக்காட்சி அந்தத் தள்ளைத் திரும்பத் திரும்பக் காட்டியது. அடுத்த ஆண்டே கிரேமரின் நாட்குறிப்பு 'இன்ஸ்டன்ட் ரீப்ளே' என்ற பெயரில் வந்து அமோகமாக விற்றது.

1969இல், லீகின் முதல் ஐம்பது ஆண்டுகளின் தலைசிறந்த அணி என்று ஒரு பட்டியல் போட்டபோது கார்டு இடத்தில் கிரேமர் பெயர் இருந்தது. அந்தப் பட்டியலில் மற்ற எல்லோரும் கேன்டனுக்குள் போய்விட்டார்கள். இவர் மட்டும் வெளியே. பயிற்சியாளர் லொம்பார்டியின் பேக்கர்ஸிலிருந்து ஏற்கெனவே பலர் உள்ளே இருக்கிறார்கள், போதும் என்று குழுவினர் நினைத்ததாகச் சொல்வார்கள். பந்தியில் ஒரே வீட்டார் நிறைந்துவிட்டால் கடைசியாக வந்தவரை அடுத்த பந்திக்கு நிறுத்துவோமே, அப்படி. 1997இல் மூத்தோர் பிரிவில் பெயர் வந்தும் ஓட்டு போதவில்லை. மகளும் ரசிகர்களும் விடாமல் கடிதம் எழுதினார்கள், எழுதச் சொன்னார்கள். 2018இல் கதவு திறந்தபோது கிரேமருக்கு வயது 82.

கடிதம் எழுதிய ரசிகர்களுக்கு இதில் என்ன கிடைத்திருக்கும்? அவருடைய புகழில் ஒட்டிக்கொள்ளும் ஆசை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. அவர்களில் பலர் சிறுவயதில் அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள். கண்ணால் கண்டதை, "அது அவ்வளவு பெரிதில்லை" என்று ஒரு குழு ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டே இருந்தால் எரிச்சல் வராதா? ஏட்டில் இல்லாத ஒரு வேலைக்கு நாங்கள் சாட்சி, எங்களையும் விசாரியுங்கள் என்பதுதான் அந்தக் கடிதங்களின் சாரம் என்று எனக்குப் படுகிறது. சாட்சிகளுக்கும் வயதாகிறது. தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் பார்த்த கண்கள் குறைகின்றன. அந்த அவசரம் கிரேமருக்காக மட்டும் வந்ததல்ல.

ஆனால் சாட்சி என்றால் அதில் ஒரு சிக்கலும் உண்டு. அந்தப் பழைய படச்சுருளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பியூவைத் தள்ளியவர்கள் இருவர். கிரேமருக்குப் பக்கத்தில் சென்டர் கென் பௌமனும் அதே ஆளின் மேல் பாய்கிறார். படம் தெளிவாகத்தான் இருக்கிறது. இருந்தும் ஊர் நினைவில் தங்கியது ஒரு பெயர். புத்தகம் எழுதியவர் பெயர் என்றும் சொல்லலாம், கொஞ்சம் குறும்பாக. புறக்கணிக்கப்பட்டவர் என்று நாம் கொடி பிடிக்கும் ஆளுக்கு அருகிலேயே, கொடி பிடிக்க ஆளில்லாத இன்னொருவர் நிற்கிறார். இதற்காகக் கிரேமரின் சிலையைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் நீதி கிடைத்துவிட்டது என்று யாராவது கைதட்டும்போது என் கை பாதியில் நின்றுவிடுகிறது.

இதே வாசலில் காத்திருந்த கென் ரைலியின் கதை வேறு மாதிரி. இவருக்கு எண்கள் இருந்தன. சின்சினாட்டி பெங்கால்ஸ் அணிக்காக 1969 முதல் 1983 வரை ஆடி, எதிரணி எறிந்த பந்தை 65 முறை இடைமறித்துப் பிடித்தவர். அப்படியும் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்களை அழைக்கும் ப்ரோ பௌலுக்கு ஒருமுறைகூட அழைப்பு வரவில்லை. சிறிய நகரம், அமைதியான மனிதர். ஆட்டத்தை விட்டபின் தான் படித்த ஃபுளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்கே பயிற்சியாளராகப் போய்விட்டார். சின்சினாட்டி ரசிகர்கள் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ரைலி 2020 ஜூனில் காலமானார். கேன்டன் அவரைச் சேர்த்துக்கொண்டது 2023இல். கென் ஸ்டேப்லர் என்ற இன்னோர் ஆட்டக்காரருக்கும் முடிவு இதே மாதிரிதான்: 2015இல் மறைவு, 2016இல் மண்டபம்.

மறைந்தவருக்குக் கிடைக்கும் கௌரவம் வீண் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு அது பெரிய ஆறுதல், பார்த்தவர்களின் சாட்சியும் ஏடேறுகிறது. ஆனால் அந்த வேலையைச் செய்தவருக்கு, அதை ஒருவர் கவனித்தார் என்ற செய்தி போய்ச் சேர வேண்டாமா? அதைச் சேர்க்க எண்பது பங்கு ஓட்டு தேவையில்லை.

ஆகவே, உங்களுக்குப் பிடித்த, யாரும் கண்டுகொள்ளாத ஒருவருக்காக எங்காவது மனு எழுதப்போகிறீர்கள் என்றால், தயங்காமல் எழுதுங்கள். அதற்கு முன் அவருடைய முகவரியை விசாரித்து, அவருக்கே ஒரு கடிதம் போட்டுவிடுங்கள். அவர் பக்கத்தில் நின்றவர் பெயரும் தெரிந்தால், அவருக்கும் ஒன்று.