இரத்தம் சொல்வது இழிவாகுமா?

ஒரே மருந்து ஒருவருக்கு அமுதாகவும் மற்றொருவருக்கு நஞ்சாகவும் ஆவதேன்? "அவரவர் தலைவிதி" என்று கூறி அமைதியுறுதல் நம்மவர்க்கு எளிது. ஆராய்ச்சியாளரோ அவ்வாறு அமையவில்லை. மலேரியாக் காய்ச்சலுக்கு அளிக்கப்படும் பிரைமாகுயின், சிலருடைய இரத்தச் சிவப்பணுக்களை மட்டும் சிதைப்பதற்கு ஜி6பிடி என்னும் நொதியின் குறைவே காரணமென 1956-இல் அமெரிக்காவில் கண்டனர். நெடுநாள் வலிப்பு நோயினர் உண்ணும் கார்பமசெபின் சிலருடைய தோலையே உரித்துவிடும். அவ்வாபத்தை முன்னறிவிக்கும் மரபுக்கூறு ஒன்று 2004-இல் தைவானில் அறியப்பட்டது. விதியென்று விடப்பட்டது, ஒரு துளி இரத்தத்தால் அறியத்தக்கதாயிற்று.

இன்று மலேசிய அரசாங்க மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி சோதிக்கப்படுகின்றது. புக்கிட் ரோத்தான் தோட்டத்துக் குழந்தைக்கும் கோலாலம்பூர்ச் செல்வர் குழந்தைக்கும் சோதனை ஒன்றே. குறைவு காணப்படின், காமாலை வாராமல் கண்காணிப்பர். விலக்க வேண்டிய மருந்துகளையும் பாச்சை உருண்டையையும் பெற்றோர்க்கு உரைப்பர். இதில் அஞ்சத்தக்கது யாது?

அஞ்சத்தக்கது இரத்தமன்று, ஊரார் நாவே. இக்குறைவு பெரும்பாலும் தாய்வழியாக ஆண்மக்களிடம் தோன்றுவதால், "உன்னால் வந்த குறை" என்று மருமகளைத் தூற்றுவோர் உளர். அவள் அதனை விரும்பிப் பெற்றாளோ? அவளுக்கும் அது தாயோ தந்தையோ தந்ததன்றோ? மேலும், மலேரியா மலிந்த நிலங்களில் இவ்வியல்பு மக்களுக்கு ஓரளவு காப்பாக இருந்தமையாலேயே பரவிற்று என்பது அறிஞர் துணிபு. முன்னோரைக் காத்த ஒன்றை இழிவென்பது நன்றி மறத்தலேயாம். பழிக்கு அஞ்சி மறைத்த குடும்பம் மானத்தைக் காத்ததாக எண்ணும். அறியாத வைத்தியர் ஒரு நாள் அம்மருந்தைக் கொடுப்பாராயின், அம்மானம் பிள்ளையைக் காக்குமோ?

"இவ்வறிவு சாதி வேற்றுமைக்கு ஆயுதமாகாதோ?" என வினவுவார்க்கும் விடை கூறவேண்டும். சக்சாமெத்தோனியம் என்னும் மருந்து சில நிமிடங்களே தசைகளைத் தளர்த்துவது. அதனைச் சிதைக்கும் நொதியில்லாதார்க்கோ மணிக்கணக்காக மூச்சு நின்றுவிடும். கருவி கொண்டு காத்தல் வேண்டும். கோயம்புத்தூர் ஆரிய வைசியரிடம் இந்நொதிக் குறைவுக்கான மரபு மாற்றத்தை 2006-இல் வெளியான ஆராய்ச்சி எடுத்துக்காட்டியது. தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே மணந்தமையால் அது அங்கே நிலைத்தது. குலத்தூய்மை எனப் போற்றிய வழக்கமே குறையைக் கலையாமல் காத்தது! இது ஒரு சாதியார்க்கு மட்டும் உரியதன்று. அகமணம் எங்குண்டோ, அங்கெல்லாம் ஏதேனும் ஒரு குறை இவ்வாறு தங்கக்கூடும். ஆகையால் எவரும் எவரையும் எள்ளற்கில்லை. வைத்தியரும் சாதிப்பெயரை வைத்துத் தீர்ப்பளித்தல் தகாது. அப்பெயருடையார் பலர் குறையற்றவர். அப்பெயரில்லாதாரிலும் குறையுடையார் உளர். சோதிக்க வேண்டியது ஆளை, குலத்தையன்று.

இதனை அறிய உரியவர் மூவர்: பிணியாளர், அவர்தம் வைத்தியர், அதே இரத்தத்தைப் பகிர்ந்த உடன்பிறந்தார். முதலாளிக்கும் திருமணத் தரகருக்கும் இதில் வேலையில்லை. மணமக்கள் தாமே ஒருவர்க்கொருவர் மனமுவந்து உரைத்துக்கொள்வது வேறு.

ஆதலின் தோழர்களே, மருத்துவமனை தந்த அட்டையைப் பெட்டியடியில் புதைக்காதீர். எந்த வைத்தியரிடம் சென்றாலும் முதலில் அதனைக் காட்டுங்கள். பிறப்போடு வந்ததற்கு எவரும் பொறுப்பாளியல்லர். அறிந்தபின் வாளாவிருப்பதற்கோ நாம் அனைவரும் பொறுப்பாளிகளே.