காய விடுதல்

பெட்டாலிங் ஜெயாவில் எங்கள் அடுக்குமாடி வீட்டு பால்கனியில் இரண்டு காகிதப்பூத் தொட்டிகள் வைத்திருந்தேன். இப்போது ஒன்றுதான் இருக்கிறது. சுங்கை பூலோ நர்சரியில் வாங்கும்போதே, விற்ற சீன அங்கிள் சொன்னார்: “ஜாங்ஙான் மஞ்சா.” செல்லம் கொடுக்காதே. மண் காயட்டும், இலை லேசாகத் துவளட்டும், அப்புறம் ஊற்று.

சரியான யோசனைதான். தண்ணீரும் தழைச்சத்து உரமும் தாராளமாகக் கிடைத்தால் இந்தக் கொடி இலையாகவே வளர்ந்து கம்பியில் படரும். நல்ல வெயிலில் வைத்துக் கொஞ்சம் காயவிட்டால் பூக்கும். (நாம் பூ என்று சொல்லும் அந்த ஊதா நிறம் பூவே இல்லை, பூவடிச் செதில். நிஜப் பூ நடுவில் சின்னதாக, வெள்ளையாக இருக்கும்.)

அங்கிள் சொன்னதை வேறு வார்த்தைகளில் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன். அப்பா தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். எஸ்.பி.எம்.மில் எனக்கு ஏழு ஏ வந்தபோது, “மிச்சம் ரெண்டு எங்கடா?” என்றார். பாராட்டினால் பையன் கெட்டுப்போவான் என்பது அவர் கணக்கு. நான் இன்ஜினியர் ஆகிவிட்டேன், அதனால் கணக்கு சரி என்றே நம்பினேன். போன வருஷம் என்னிடம் பயிற்சிக்கு வந்த பையன் ஏதாவது கேட்டால், “நானே கண்டுபிடிச்சேன், நீயும் கண்டுபிடி” என்பேன். மூன்றாம் மாதம் போய்விட்டான். “தாங்கல” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன்.

சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு ஆறு நாள் வெளியூர் போனோம். திரும்பி வந்தால் ஒரு தொட்டி காய்ந்து சருகாகிவிட்டது. மற்றது இரண்டு வாரத்தில் கொத்துக்கொத்தாகப் பூத்தது. பூத்ததைப் படம் எடுத்து, “கஷ்டப்பட்டாதான் பூக்கும்” என்று குடும்ப குரூப்பில் போட்டேன். சருகை யாருக்கும் காட்டவில்லை. இரண்டுக்கும் ஒரே வெயில், ஒரே பட்டினி.

அந்த நர்சரிகளின் கதையும் இப்படித்தான். 1930இல் சுங்கை பூலோவில் தொழுநோயாளிகளுக்கென்று ஒரு குடியிருப்பு திறந்தார்கள். குடும்பத்தை விட்டுப் பிரிக்கப்பட்டு அங்கே வாழ்ந்தவர்கள் செடி வளர்த்து விற்றதில் உருவானவை அவை. அழகான இடம். அதற்காக, அவர்களை அடைத்து வைத்ததும் நல்லதாப் போச்சு என்று எவனாவது சொன்னால் கேட்டுக்கொண்டிருப்போமா?

அதற்காக ஊற்றிக்கொண்டே இருக்கவும் முடியாது, வேர் அழுகிவிடும். அங்கிள் ‘அப்புறம் ஊற்று’ என்றும் சொன்னார். இலை துவள்கிறதா என்று பார்க்க ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தப் பையன் துவண்டபோது நானும் பக்கத்து மேசையில்தான் இருந்தேன்.

போன ஞாயிறு அப்பா வந்திருந்தார். பால்கனிக்குப் போய்த் தொட்டி மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார்.

“காஞ்சு கெடக்கே, தண்ணி ஊத்தலியா?”

“பூக்கணும்னா காயணும்பா.”

அவர் பதில் சொல்லவில்லை. பாத்ரூமுக்குப் போய் வாளியில் தண்ணீர் பிடித்தார்.