கேட்காதவரின் கடன்

எல்லாப் புகழும் இறைவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய பெரியோர்களே! கல்லூரியிலிருந்து வந்து ஜும்ஆவில் அமர்ந்திருக்கும் அன்புத் தம்பிமார்களே! அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் வஸிய்யத் செய்கிறேன்.

சில நாட்களுக்கு முன், இஷாவுக்குப் பிறகு ஒரு மாணவர் என்னிடம் வந்தார். பொறியியல் மூன்றாம் ஆண்டு. அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. "ஹஜ்ரத், ஆப்ல கடன் வாங்கிட்டேன். அது வட்டிக் கடன். வட்டி ஹராம்தானே? அப்போ அதைத் திருப்பிக் கொடுக்கணுமா?" என்று கேட்டார்.

இந்தச் செயலிகள் எப்படி இழுக்கின்றன என்பதை ஒரு கணக்காகப் பாருங்கள். 5,000 ரூபாய் கடன் என்று வைத்துக்கொள்வோம். செயல்பாட்டுக் கட்டணம் என்று 1,500-ஐப் பிடித்துக்கொண்டு 3,500 தருவார்கள். ஏழாம் நாள் 5,000 கட்ட வேண்டும். ஒரே வாரத்தில் நூற்றுக்கு 43 ரூபாய் வட்டி! அதைக் கட்ட முடியாமல் இன்னொரு செயலி, அதைக் கட்ட மூன்றாவது செயலி.

அவருக்கு நான் சொன்னேன்: "தம்பி, வட்டிக்குப் போனது பாவம். அதற்குத் தவ்பா செய்யுங்கள். ஆனால் உங்கள் கைக்கு வந்த பணம் இன்னொருவருடைய பணம். வட்டியைத் தடுத்த அதே குர்ஆன், அல்பகரா அத்தியாயத்தில், கொடுத்தவருக்கு அவருடைய அசல் உண்டு என்கிறது. இரு பக்கமும் அநியாயம் கூடாது. ஹராம் என்ற சொல்லை, அசலை விழுங்குவதற்குக் கேடயமாக்கிவிடாதீர்கள்."

பிறகு, "மொத்தம் யார் யாருக்குத் தர வேண்டும்?" என்று கேட்டேன். இரண்டு செயலிகளைச் சொன்னார். டீக்கடைப் பாக்கியைச் சொன்னார். எழுந்து போகும்போதுதான், "ரூம்மேட்டுக்கு ஒரு நாலாயிரம் இருக்கு ஹஜ்ரத். அவன் ஒன்னும் கேட்க மாட்டான்" என்றார். பரீட்சைக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்த நண்பர் அவர்!

சகோதரர்களே! அன்றிரவு என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த ஒரு வாக்கியம்தான். மிரட்டுபவருக்கு முதலில் கொடுக்கிறோம். பொறுமையாக இருப்பவரைக் கடைசியில் வைக்கிறோம். அப்படியானால் நாம் கொடுப்பது கடமை உணர்வாலா, பயத்தாலா? கேட்காமல் இருப்பது அவருடைய நற்குணம். அந்த நற்குணத்துக்கு நாம் தரும் கூலி, அவரை மறந்துவிடுவதா? ஒருவருடைய உரிமை, அவர் எவ்வளவு சத்தம் போடுகிறார் என்பதைப் பொறுத்ததல்ல.

நபி (ஸல்) அவர்களிடம் ஒருவர் வந்து தமக்குத் தர வேண்டிய ஒட்டகத்தைக் கடுமையாகக் கேட்டார். ஸஹாபாக்கள் அவர்மீது பாயப் போனார்கள். உரிமை உள்ளவருக்குப் பேச இடமுண்டு, விட்டுவிடுங்கள் என்று தடுத்துவிட்டு, அவருக்குச் சேர வேண்டியதைவிடச் சிறந்த ஒட்டகத்தையே கொடுக்கச் சொன்னார்கள். புகாரியில் வரும் செய்தி இது. கடுமையாகக் கேட்டவருக்கே இந்த மரியாதை என்றால், வாய் திறந்து கேட்கவே வெட்கப்படும் நண்பருக்கு எவ்வளவு மரியாதை தர வேண்டும்!

கடன் வாங்குவதே இழிவு என்று நான் சொல்லவில்லை. நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது, வீட்டுக்கு வாங்கிய 30 ஸாவு வாற்கோதுமைக்காக அவர்களுடைய கவசம் ஒரு யூதரிடம் அடமானத்தில் இருந்தது. ஆனால் அதே நபியவர்கள்தான் தொழுகையில் கடனிலிருந்து அதிகமாகப் பாதுகாவல் தேடினார்கள். காரணம் கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் பேசுகிறான், வாக்களித்தால் மீறுகிறான் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். பணம் போவதைவிட, உண்மை போவதுதான் பெரிய இழப்பு. அந்த மாணவரும் காலேஜில் ஃபீஸ் கூட்டிவிட்டார்கள் என்று அத்தாவிடம் சொல்லியிருந்தார்.

தம்பிமார்களே! கடனில் இருப்பவர்கள் இன்றே செய்யுங்கள். முதலில் எல்லாக் கடனையும் ஒரு தாளில் எழுதுங்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனம், கடனை எழுதி வைப்பது பற்றியதுதான். அந்தத் தாளில் கேட்காதவரின் பெயரை முதலில் எழுதுங்கள். இரண்டாவது, வீட்டில் உண்மையைச் சொல்லுங்கள். மூன்றாவது, நண்பரிடம் நீங்களே போங்கள். முடிந்ததைக் கையில் கொடுங்கள், மீதிக்கு உங்களால் காப்பாற்ற முடிகிற ஒரு தேதி சொல்லுங்கள். நான்காவது, கடனை அடைக்க இன்னொரு வட்டிக் கடன் வாங்காதீர்கள். செயலிக்காரர்கள் படங்களைப் பரப்புவோம் என்று மிரட்டினால் பயந்து உயிரை மாய்க்க நினைக்காதீர்கள். உங்கள் உயிர் அல்லாஹ்வின் அமானிதம். கைபேசியிலுள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் கடன் செயலிகள் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லியிருக்கிறது. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

பெரியவர்களே! உங்களுக்கும் ஒன்று. பிள்ளை உண்மையைச் சொல்ல வரும்போது வீட்டில் முதலில் கிடைப்பது அடியும் ஏச்சும் என்றால், அவன் அடுத்த செயலியைத்தான் தேடுவான். ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. மூன்று தீனார் கடன் இருந்தது, அடைக்க எதுவும் இல்லை. நபியவர்கள் தாம் தொழவைக்காமல் ஒதுங்கினார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைத் தாம் ஏற்பதாகச் சொன்ன பிறகே தொழவைத்தார்கள். நம் முஹல்லாவின் அபூகதாதா யார்? ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடனாளிகளும் உண்டே! நம் பைத்துல்மாலில் மாணவர்களுக்கு வட்டியில்லாக் கடனுக்கென்று ஒரு பங்கு ஒதுக்க முடியாதா?

அந்த மாணவர் நேற்று மீண்டும் வந்தார். அத்தாவிடம் சொல்லிவிட்டாராம். ரூம்மேட்டிடம் 500 ரூபாய் கொடுத்தபோது, "நீ மறந்துட்டேன்னு நினைச்சேன்டா" என்று அவர் கண்கலங்கினாராம். அத்தனை மாதமும் அவர் அதை நினைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

யா அல்லாஹ்! கடனின் சுமையிலிருந்தும், அது இழுத்துச் செல்லும் பொய்யிலிருந்தும் எங்களையும் எங்கள் பிள்ளைகளையும் பாதுகாப்பாயாக! ஹலாலைக் கொண்டு எங்களுக்குப் போதுமாக்கித் தருவாயாக! பிறர் உரிமையைச் சுமந்தவர்களாக எங்களை மரணிக்கச் செய்யாதிருப்பாயாக! ஆமீன்.