உயிரற்ற பொருளின்மேல் கோபம் கொள்ளலாமா?



மேலே கண்ட கேள்வி வீண் கேள்வி என்று எண்ண வேண்டாம். சென்ற வாரம் ஒரு காரின் கதவருகே முழந்தாளிட்டபடி நான் கற்ற பாடம் இது.

சுவாமியார் பங்களாவின் பழைய காரில் ஜன்னல் கண்ணாடி ஒன்று பாதியில் நின்றுவிட்டது. பொத்தானை அழுத்தினால் மின்சார மோட்டாரால் ஏறி இறங்கும் கண்ணாடி அது. வானமோ கருத்திருந்தது. மெக்கானிக் கூலி மிச்சமாகட்டும் என்று நானே திருப்புளியை எடுத்தேன். உபதேசியாரின் பத்து வயது மகன் டார்ச் விளக்கைப் பிடித்தான்.

கதவின் உட்பலகையைப் பிளாஸ்டிக் கிளிப்புகள் கவ்விக்கொண்டிருக்கும். நிதானமாய் நெம்பினால் கழன்று வரும். வெடுக்கென்று இழுத்தால் முறியும். நான் இழுத்தேன், மூன்று முறிந்தன. கைப்பிடி மூடிக்குள் ஒரு திருகு ஒளிந்திருந்ததைப் பிறகே கண்டேன். கண்ணாடியைக் கையால் அமுக்கினேன், இம்மியும் அசையவில்லை. அது பிடிவாதமன்று. மோட்டாரிலுள்ள வார்ம் கியரின் அமைப்பு அப்படி: மோட்டார் சுழன்றால் கண்ணாடி நகரும், கண்ணாடியைத் தள்ளினால் மோட்டார் சுழலாது. திருடன் வெளியிலிருந்து அமுக்கித் திறவாதபடி தடுப்பதும் அதுவே.

"சாமி, வயர் எங்கேயாவது அறுந்திருக்குமோ?" என்றான் பையன்.

"சும்மா விளக்கைப் பிடி! உனக்கென்ன தெரியும்?" என்று சீறினேன். அவன் முகம் வாடிற்று.

13-ஆம் நூற்றாண்டிலேயே அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் இவ்விஷயத்தை ஆராய்ந்திருக்கிறார். கோபத்தில் பேனாவை வீசியெறியும் எழுத்தாளனையும், குதிரையை அடிக்கும் சவாரிக்காரனையும் அவர் எடுத்துக் காட்டுகிறார். உயிரற்ற பொருளின்மேல் கோபம் வெறும் கற்பனையால் எழலாம். பகுத்தறிவின்படி எழ நியாயமில்லை. ஏனெனில் அதற்கு நோவும் தெரியாது. நமக்கு அநியாயம் செய்யவும் அதனால் இயலாது. இது அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி அவர் கண்ட முடிவு.

இதில்தான் நமக்கு அபாயம் இருக்கிறது. நோவு தெரியாத பொருளின்மேல் எழுந்த கோபம் அங்கே தங்குவதில்லை. நோவு தெரிந்தவரைத் தேடிப் போகிறது. மிக்ஸி நின்றுபோனால் மனைவி ஏச்சு வாங்குகிறாள்; சைக்கிள் செயின் கழன்றால் பிள்ளை அடி வாங்குகிறான். எதிர்த்துப் பேசமாட்டாதவர்களே பெரும்பாலும் அதற்கு இலக்காகிறார்கள்.

இருட்டிய பிறகுதான் எனக்கு நிதானம் வந்தது. கதவுக்கும் காரின் உடலுக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய் உண்டு. கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அதனுள் செல்லும் வயர்கள் மடங்கி நிமிர்கின்றன. அதை விலக்கிப் பார்த்தேன். ஒரு வயர் அறுந்திருந்தது! பொத்தானை அழுத்தியபோது மோட்டாரில் சிறு ஒலிகூட எழவில்லை. மின்சாரம் வருகிறதா என்றே நான் முதலில் பார்த்திருக்க வேண்டும். பையன் சொன்னதே சரி.

பாட்டரி இணைப்பைக் கழற்றி, வயரை இணைத்து, டேப் சுற்றினேன். பாட்டரியை மீண்டும் மாட்டிப் பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி ஏறிற்று. முறிந்த கிளிப்புகளுக்கு மறுநாள் கடையில் புதியவை கிடைத்தன. நான் சீறிய வார்த்தைக்கு மாற்று எந்தக் கடையில் கிடைக்கும்? பையனின் வீட்டுக்குப் போய், அவன் தகப்பனார் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஆகவே, பழுது பார்க்கும்போது கோபம் வந்தால் கருவியைக் கீழே வையுங்கள். அருகில் விளக்குப் பிடித்து நிற்பவரின் முகத்தை ஒருமுறை பாருங்கள். பிறகு வேலையைத் தொடருங்கள்.